ராத்திரி ஷிஃப்டுக்குச் சின்ன ரிவால்வர்: 642 வாங்கலாமா, எல்.சி.ஆர் வாங்கலாமா?

மஞ்சள்பை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். டாலஸ் பக்கம் இர்விங்கில் இருக்கிறேன். மருந்துக்கடையில் இரவு ஷிஃப்ட், எல்லாம் பூட்டிவிட்டு வெளியே வரும்போது பார்க்கிங்கில் என் கார் ஒன்றுதான் நின்றுகொண்டிருக்கும். சிட்டிசன் ஆகிவிட்டேன், எல்டிசி (டெக்சஸில் கைத்துப்பாக்கி சுமக்கும் உரிமம்) வகுப்பும் முடித்தாயிற்று, ஆனால் அங்கே சுட்டது பயிற்சியாளர் கொடுத்த பெரிய 9 எம்எம். சொந்தமாக இன்னும் எதுவும் வாங்கவில்லை.

கடைக்குப் போனால் விற்பவர் என் கையைப் பார்த்தார், உடனே இளஞ்சிவப்புப் பிடி போட்ட ஒரு குட்டி ரிவால்வரை எடுத்து நீட்டினார், "இதுதான் உங்களுக்குச் சரி" என்றார். எடையே தெரியவில்லை. ஆட்டோமேட்டிக்கின் ஸ்லைடை (தோட்டாவை ஏற்றப் பின்னால் இழுக்கும் மேல்பாகத்தை) இழுக்க எனக்குச் சிரமம், அதனால் ரிவால்வர்தான் என்று நானும் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டேன். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 அல்லது ரூகர் எல்.சி.ஆர், இந்த இரண்டில் எது? பலம் கூடிய .357 தோட்டா போடக்கூடியதை வாங்கிவிட்டால் பின்னால் உதவுமா? கைப்பையில் வைத்துக்கொள்ளலாமா? வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். திட்டுவதாக இருந்தாலும் காரணத்தோடு திட்டுங்கள்.

ஓடைமரம் எழுதியது:

திட்ட ஒன்றுமில்லை சகோதரி, ஆனால் அந்த விற்பனையாளரைத் திட்டலாம். ஹூஸ்டனில் வார இறுதிகளில் சுடப் பழக்கிக்கொடுக்கிறேன், இந்தக் கதையைக் கேட்காத மாதம் கிடையாது. பெண் வந்தாலோ வயதானவர் வந்தாலோ கடையில் இருப்பதிலேயே லேசானதை எடுத்து நீட்டுவார்கள். லேசான ரிவால்வர் இடுப்பில் இருக்கும்போதுதான் சுகம், கையில் வெடிக்கும்போது இல்லை. 642 தோட்டா போடாமல் சுமார் 410 கிராம், எல்.சி.ஆர் அதைவிடவும் கொஞ்சம் குறைவு. அதே .38 ஸ்பெஷல் தோட்டாவை ஒரு கிலோ எடையுள்ள ரிவால்வரில் சுட்டால் மெல்லத் தூக்கிக்கொடுக்கும், அவ்வளவுதான். 410 கிராமில் சுட்டால் உள்ளங்கையில் அறை விழும், அந்த அறைக்குப் பயந்து அடுத்த தடவை விசையை அமுக்கும் முன்னாலேயே கை குழல்முனையைக் கீழே தள்ளிவிடும். ஃப்ளிஞ்ச் என்பார்கள். ஒருமுறை ஒட்டிக்கொண்டால் கழற்ற மாதக்கணக்கில் ஆகும்.

அடுத்தது விசை. 642 விசையின் இழுவை ஏறக்குறைய ஐந்தரை கிலோ. துப்பாக்கியின் எடையைவிடப் பத்து மடங்குக்கும் மேல் பலம் கொடுத்து அதை இழுக்க வேண்டும், அப்படி இழுக்கும்போது துப்பாக்கி ஆடாமல் இருக்க வேண்டும். குழல் 1.875 அங்குலம், சைட் (குறி பார்க்கும் அமைப்பு) என்று பார்த்தால் மேலே ஒரு பள்ளமும் முன்னால் ஒரு சின்ன மேடும்தான். குறி வைக்க வேறெந்தத் துப்பாக்கியும் இதைவிட எளிது. புதிதாகச் சுடுகிறவருக்கு முதல் துப்பாக்கியாக இதைக் கொடுக்கக்கூடாது என்று பயிற்சியாளர்கள் பலர் சொல்வது இதனால்தான்.

இவ்வளவு சொல்கிற நானும் 642 தான் சுமக்கிறேன். ஹூஸ்டன் வெயிலில் டீ-சர்ட்டும் அரைக்கால் சட்டையும் போட்டுக்கொண்டு வேறு எதை மறைப்பது? பாக்கெட்டில் போட்டால் வெளியே தெரியாது, தோட்டாவை அடிக்கும் ஹாமர் உள்ளேயே மறைந்திருப்பதால் துணியில் மாட்டாது, ஒருவன் மேலே வந்து விழுந்து கட்டிப் பிடித்தாலும் அவன் உடம்போடு ஒட்டிவைத்துச் சுடலாம். ஆட்டோமேட்டிக்கை அப்படி ஒட்டி அழுத்தினால் ஸ்லைடு பின்னால் நகர்ந்து சுடாமல் போக வாய்ப்பு உண்டு. ஆகவே ரிவால்வர் தவறு என்று சொல்லவில்லை. வாங்கிய பிறகு பழகுவீர்களா என்பதுதான் கேள்வி, 642-ஆ எல்.சி.ஆரா என்பது அதற்கப்புறம்.

தூக்குச்சட்டி எழுதியது:

நான் எதிர்க்கட்சி. இன்றைக்கு எதற்கு ஐந்து தோட்டா? சிக் பி365 2018-ல் வந்தது, கிட்டத்தட்ட அதே அளவு, அதில் 10 தோட்டா. ஸ்லைடு இழுக்க வரவில்லை என்றால் அதே வருடம் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனே .380 என்ற சின்னத் தோட்டாவில் ஷீல்ட் ஈஸி என்று ஓர் ஆட்டோமேட்டிக் கொண்டுவந்தது, பெயரே ஈஸி, கைவலி உள்ள பாட்டிகளும் இழுக்கலாம். விசையும் லேசு. உதையும் குறைவு. சும்மா பழைய போலீஸ் படம் பார்த்துவிட்டு ரிவால்வர் ரிவால்வர் என்கிறீர்கள்.

அப்புறம் ஸ்லைடு இழுப்பது பலம் சார்ந்தது இல்லை அக்கா. எல்லோரும் கையை நீட்டிவைத்துக்கொண்டு ஸ்லைடைப் பின்னால் இழுக்கப் பார்க்கிறார்கள். துப்பாக்கியை நெஞ்சுக்கு அருகில் கொண்டுவாருங்கள், குழல்முனை சுடுதளப் பக்கமே பார்க்கட்டும், இடக்கையால் ஸ்லைடை மேலிருந்து முழு உள்ளங்கையாலும் இறுகப் பிடித்து அசையாமல் வைத்துக்கொண்டு வலக்கையால் பிடியை முன்னால் குத்துவதுபோல் தள்ளுங்கள். தள்ளும் பலம் எல்லோருக்கும் இழுக்கும் பலத்தைவிட அதிகம். முயற்சி செய்து பார்த்துவிட்டு அப்புறம் முடிவு எடுங்கள்.

ஓடைமரம் எழுதியது:

தூக்குச்சட்டி சொன்ன இழுக்கும் முறை நூற்றுக்கு நூறு சரி. ஷீல்ட் ஈஸியும் நல்ல துப்பாக்கிதான், அதைக் கையில் எடுத்துப் பார்க்காமல் ரிவால்வரை வாங்கவேண்டாம் என்று நானும் சொல்லுவேன். ஆனால் அது பாக்கெட் துப்பாக்கி இல்லை, இடுப்புத் துப்பாக்கி. மருந்துக்கடைச் சீருடையில் இடுப்பு பெல்ட் இருக்கிறதா என்பதையும் யோசிக்க வேண்டும்.

கரிசல்மண் எழுதியது:

மாடல் பற்றி யாருமே பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன், எனக்கு இதுதான் பொழுதுபோக்கு.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் சின்ன ரிவால்வர்களான ஜே-ஃப்ரேம் குடும்பம் 1950-ல் தொடங்கியது. அந்த வருடம் கொலராடோ ஸ்பிரிங்ஸில் போலீஸ் தலைவர்கள் மாநாட்டில் காட்டினார்கள், சீஃப்ஸ் ஸ்பெஷல் என்ற பெயர் அங்கேதான் வந்தது. அதற்கு முன்னால் 1927-லேயே கோல்ட் கம்பெனியின் டிடெக்டிவ் ஸ்பெஷல் இருந்தது, அதில் ஆறு தோட்டா, ஸ்மித் அளவைக் குறைத்ததால் ஐந்து. 642 அந்தக் குடும்பத்தில் அலுமினிய உடம்பும் உள்ளே மறைந்த ஹாமரும் கொண்டது. 442 அதே சாமான், கறுப்பு நிறம். வாங்கினால் பக்கவாட்டில் சாவி ஓட்டை இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள், பூட்டு உள்ளதும் இல்லாததும் இரண்டுமே விற்கிறார்கள். அந்தப் பூட்டு தானாக விழுந்து துப்பாக்கி நின்றுபோனதாகச் சொல்லும் கதைகள் இணையம் முழுக்க உண்டு, அபூர்வம்தான், ஆனாலும் இல்லாததை வாங்குவதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

எல்.சி.ஆர் 2009-ல் வந்தது. பிடியைத் தாங்கும் கீழ்ப்பாகம் பாலிமர். உள்ளே விசைக்கு ஒரு கேம் வைத்திருக்கிறார்கள், அதனால் இழுவை ஒரே சீராக வரும், தராசில் வைத்தால் நாலு நாலரை கிலோ இருக்கும், விரலுக்கு அதைவிடக் குறைவாகத் தெரியும். கூடவே வரும் ரப்பர் பிடி பின்பக்கம் முழுவதையும் மூடிக்கொள்வதால் உதையும் கொஞ்சம் குறையும். பெட்டியிலிருந்து எடுத்தபடியே ஒப்பிட்டால் எல்.சி.ஆர்தான். ஒரு குறை, விசையை முழுதாக முன்னால் விடாமல் பாதியில் திரும்ப இழுத்தால் சிலிண்டர் சுற்றும் ஆனால் ஹாமர் அடிக்காது. ஜே-ஃப்ரேமில் பழகியவர்கள் இதில் மாட்டிக்கொள்வார்கள்.

இரண்டுக்கும் நடுவில் நான் உங்களுக்குச் சொல்வது வேறு. ரூகர் எஸ்பி101, முழுக்க ஸ்டீல், 700 கிராமுக்கு மேல். அல்லது கிம்பர் கே6எஸ், ஆறு தோட்டா, 650 கிராம் சுமார். காசு குறைவாக வேண்டுமென்றால் டாரஸ் 856, அதிலும் ஆறு. இந்த எடையில் .38 சுட்டால் கை வலிக்காது. வலிக்காவிட்டால் அடிக்கடி சுடுவீர்கள்.

.357 பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஸ்டீல் துப்பாக்கி .357 ஆக இருந்தால் இருக்கட்டும், அதில் .38 போட்டே சுடுங்கள். இரண்டு அங்குலக் குழலில் .357 மருந்தில் நிறைய வெளியேதான் எரியும், இருட்டில் தீப்பந்தம் கண்ணைக் கூசவைக்கும், காது கிழியும், அடுத்த தோட்டாவுக்குச் சைட் திரும்பி வர ஒரு யுகம் ஆகும். 340பிடி என்று 330 கிராமில் .357 விற்கிறார்கள், அதில் முழு பலத் தோட்டா போட்டுச் சுட்டுவிட்டுச் சிரித்த ஆளை நான் பார்த்ததில்லை. லேசான துப்பாக்கியில் உதை அதிகமானால் சிலிண்டரில் மீதி இருக்கும் தோட்டாக்களில் ஈயக்குண்டு உறையிலிருந்து முன்னால் நகர்ந்து வந்து சிலிண்டரையே சுற்றவிடாமல் பூட்டிவிடும் ஆபத்தும் உண்டு.

மஞ்சள்பை எழுதியது:

நன்றி, நிறைய விஷயம். சீருடை ஸ்க்ரப்ஸ், பெல்ட் கிடையாது, நாடாதான். அதுவும் இல்லாமல் கடைக்குள்ளே துப்பாக்கி கொண்டுவரக்கூடாது என்று நிர்வாகம் எழுதியே கொடுத்திருக்கிறது. காரில்தான் இருக்க வேண்டும். அது சட்டப்படி சரியா?

ஓடைமரம் எழுதியது:

டெக்சஸில் சரி. 2011-ல் வந்த சட்டப்படி, பூட்டிய சொந்தக் காருக்குள் சட்டப்படி உங்களுக்குச் சொந்தமான துப்பாக்கி இருப்பதைப் பெரும்பாலான முதலாளிகள் பார்க்கிங்கில் தடுக்க முடியாது. விதிவிலக்குகள் உண்டு, பள்ளிக்கூடங்கள், சில ரசாயன ஆலைகள் என்று. ஆனால் கட்டடத்துக்குள் அவர்கள் விதிதான். துப்பாக்கியோடு உள்ளே வரக்கூடாது என்று சொல்லும் 30.06 பலகை, 30.07 பலகை, 30.05 பலகை, மதுக்கடையில் சிவப்பில் 51% பலகை, எல்லாவற்றையும் எல்டிசி வகுப்பில் சொல்லியிருப்பார்கள்.

2021 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து டெக்சஸில் 21 வயது முடிந்த, தடையில்லாத ஆள் உரிமம் இல்லாமலே சுமக்கலாம், பிறகு எல்டிசி எதற்கு என்று கேட்பார்கள். வேறு மாநிலங்கள் பல எல்டிசியை ஏற்றுக்கொள்கின்றன. அதைவிட முக்கியம், பள்ளிக்கூடத்தைச் சுற்றி ஆயிரம் அடிக்குள் துப்பாக்கி கூடாது என்று மத்திய அரசு சட்டம் ஒன்று இருக்கிறது, பள்ளி இருக்கும் மாநிலம் கொடுத்த உரிமம் வைத்திருப்பவருக்கு அதில் விலக்கு. பிள்ளைகளைக் காரில் கொண்டுவிடும் அம்மா அப்பா எல்லோரும் தினமும் அந்த ஆயிரம் அடிக்குள்தான் போகிறார்கள்.

ஒன்று யோசியுங்கள். துப்பாக்கி காரில், ஆபத்து கடை வாசலுக்கும் காருக்கும் நடுவில். கார் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டால் ஏறிப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம், துப்பாக்கி தேவையே இல்லை. உங்கள் நிலைமையில் அந்த நடையைச் சரிசெய்வதுதான் முதல் வேலை. காரை விளக்குக்கம்பத்துக்குக் கீழே, வாசலுக்கு நேராக நிறுத்துங்கள். இன்னொருவரோடு சேர்ந்து வெளியே வாருங்கள். கையில் பெப்பர் ஸ்ப்ரே இருக்கட்டும், அதற்கு நிர்வாகம் என்ன சொல்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பழையசோறு எழுதியது:

அப்பாடா, ஒருவராவது சொன்னாரே. நான் துப்பாக்கி வைத்திருக்கவில்லை, வைக்கவும் மாட்டேன், ஆனால் சண்டை போட வரவில்லை. பிள்ளைகள் இருக்கும் வீடு, கைப்பை என்று இரண்டையும் ஒரே பதிவில் பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது. 2014 டிசம்பர் கடைசியில் ஐடஹோவில் ஒரு கடையில் சாமான் வாங்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாவின் கைப்பையிலிருந்து அவருடைய இரண்டு வயது மகன் துப்பாக்கியை எடுத்துவிட்டான், அந்த அம்மா அங்கேயே இறந்துபோனார். கைப்பை அதற்கென்றே செய்த, தனிப் பையறை வைத்த கைப்பை. கவனக்குறைவான குடும்பமும் இல்லை, துப்பாக்கி தெரிந்த குடும்பம்.

வீட்டில் யாருக்காவது மனம் சரியில்லாத காலம் வரலாம் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். அமெரிக்காவில் துப்பாக்கியால் நடக்கும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலை. திருடனைப் பற்றியே பேசுகிறோம், அதைப் பேசுவதில்லை.

கரிசல்மண் எழுதியது:

பழையசோறு சொன்னதில் எதையும் மறுக்கமாட்டேன். ஒன்றைச் சேர்க்கிறேன். இரண்டு வயதுக் குழந்தையால் ஐந்தரை கிலோ விசையை இழுக்க முடியாது என்று ரிவால்வர்காரர்கள் சமாதானம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நம்பாதீர்கள். பிள்ளைகள் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து இரண்டு கட்டைவிரலையும் வைத்து அமுக்குவார்கள்.

உடம்பில் இல்லாத நேரம் பெட்டகத்தில். பட்டன் அமுக்கித் திறக்கும் சின்னப் பெட்டகம், சுவரிலோ கட்டில் சட்டத்திலோ திருகி மாட்டியது. தோட்டா போட்ட துப்பாக்கியைக் கவனக்குறைவாக விட்டுவைத்து, அது 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் கைக்குக் கிடைத்துவிட்டாலே டெக்சஸ் சட்டத்தில் குற்றம். காரிலும் அப்படியே, இருக்கைக்கு அடியில் கம்பிவடம் போட்டுக் கட்டிய பெட்டி. டேஷ்போர்டு அறையில் வைத்தால் அது திருடனுக்குக் கொடுத்த பரிசு.

நெல்லை எக்ஸ்பிரஸ் எழுதியது:

குறுக்கே புகுவதற்கு மன்னிக்கவும். நான் எச்1பி. நண்பர்களோடு வார இறுதியில் சுடுதளத்துக்குப் போய் வாடகைக்கு எடுத்துச் சுடலாமா? ஆபீஸில் எல்லோரும் போகிறார்கள், ஃபேஸ்புக்கில் போட்டோ வேறு.

ஓடைமரம் எழுதியது:

தம்பி, இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். எச்1, எச்4, எஃப்1 எல்லாமே குடியேறாதவர் விசா. மத்திய சட்டத்தில் அந்த விசாவில் வந்திருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே குற்றம். விலக்குகள் சில உண்டு, நமக்குப் பயன்படுவது அமெரிக்காவில் எடுத்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம். வாடகைத் துப்பாக்கிதானே, ஒரு மணி நேரம்தானே என்று சட்டத்தில் தனிக் கணக்கு கிடையாது. ஆபீஸில் எல்லோரும் போகிறார்கள் என்பது கிரீன் கார்டு வரிசையில் நிற்கும்போது உதவாது. முதலில் குடியேற்ற வக்கீலிடம் கேளுங்கள், போட்டோ போடுவது அப்புறம்.

கிரீன் கார்டு வந்துவிட்டால் வாங்கலாம், கடையில் வாங்கும்போது நிரப்பும் 4473 படிவத்தில் குடியுரிமை நிலையைக் கேட்பார்கள், பின்னணிச் சோதனை நடக்கும், அட்டையைக் காட்ட வேண்டும். இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன். சில மாநிலங்களில் கஞ்சா கடையில் விற்கிறது, ஆனால் மத்திய சட்டத்துக்கு அது இன்னும் போதைப்பொருள். பயன்படுத்துபவர் துப்பாக்கி வைத்திருக்கக்கூடாது, அதே படிவத்தில் அந்தக் கேள்வியும் உண்டு.

ஹட்சன்கரை எழுதியது:

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு பெருமூச்சு. உங்கள் டெக்சஸ் எல்டிசி இங்கே செல்லாது, வேறு எந்த மாநில உரிமமும் இங்கே செல்லாது. 2022-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை சாதாரண ஆளுக்கு இங்கே சுமக்கும் அனுமதி என்பது கனவு. இப்போது கிடைக்கிறது, ஆனால் ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனியாக வாங்கும் அனுமதி, அது போகச் சுமக்கும் அனுமதி. வெளியே சுமக்கும்போது குழிமுனைத் தோட்டா (ஹாலோ பாயின்ட்) கூடாது, வீட்டிலும் சுடுதளத்திலும் மட்டும்தான். அதனால் எனக்கு ஒரு கேள்வி: 2 அங்குலக் குழலில் எந்தத் தோட்டா நல்லது?

கரிசல்மண் எழுதியது:

உங்களுக்கு உங்கள் சட்டமே நல்ல பதிலைக் கொடுத்துவிட்டது. 148 கிரெயின் (குண்டின் எடை அளவு) வாட்கட்டர். தட்டையான முகம், உண்மையில் பேப்பர் டார்கெட்டில் வட்டமாகத் துளை போடச் செய்தது.

காரணம் இதுதான். குழிமுனைக் குண்டு உடம்பில் விரிய வேண்டுமானால் வேகம் வேண்டும். .38 ஸ்பெஷல் 1890களின் கடைசியில் நீளக்குழல் ரிவால்வருக்காக வந்த தோட்டா, இரண்டு அங்குலத்தில் அந்த வேகம் வராது, துணி போய்க் குழியில் அடைத்துக்கொண்டால் விரியவே விரியாது. 1986-ல் மயாமியில் எஃப்பிஐ ஆட்கள் இருவர் இறந்த துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு தோட்டாவைச் சோதிக்கும் முறையை மாற்றினார்கள், ஜெலட்டின் கட்டியில் 12 முதல் 18 அங்குலம் போக வேண்டும் என்பது கணக்கு. வாட்கட்டர் விரிய முயற்சியே செய்வதில்லை, நேராகப் போகும், அந்த ஆழம் சாதாரணமாக வரும், உதையோ மிகக் குறைவு. (அந்த மயாமிச் சண்டையை முடித்துவைத்தது, ஒரு கை செயலிழந்துபோன ஏஜெண்ட் ரிவால்வரில் சுட்ட .38 பிளஸ் பி (அழுத்தம் கூடிய) தோட்டாக்கள் என்பதை ஆட்டோமேட்டிக் பக்தர்கள் கவனிக்கவும்.)

ஒரு தொல்லை, தட்டை முகம் என்பதால் அவசரத்தில் சிலிண்டர் துளைக்குள் வழுக்கிக்கொண்டு போகாது, விளிம்பில் முட்டி நிற்கும். அதனால் சிலர் துப்பாக்கியில் வாட்கட்டரும், மறுநிரப்புக்குக் கூர்ப்பான வட்டமுனையும் வைத்துக்கொள்வார்கள். டெக்சஸில் குழிமுனை வேண்டுமென்றால் குட்டைக் குழலுக்கென்றே செய்த 135 கிரெயின் கோல்ட் டாட் இருக்கிறது, ஆனால் பிளஸ் பி, கை வலிக்கும்.

உதைதான் பிரச்சினை என்றால் இன்னொரு வழி .32. 2024-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 432 என்று .32 ஹெச் அண்ட் ஆர் மேக்னத்தில் ஆறு தோட்டா ஜே-ஃப்ரேம் கொண்டுவந்தது, சைட்டும் நல்ல சைட். தோட்டா எல்லாக் கடையிலும் கிடைக்காது, விலையும் அதிகம், அது ஒன்றுதான்.

மஞ்சள்பை எழுதியது:

சனிக்கிழமை சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்துப் பார்த்தேன். 642-ல் ஒரு சிலிண்டர் சுட்டதும் கட்டைவிரல் அடியில் சிவந்துவிட்டது, கையை உதறிக்கொண்டு இருந்தேன். எல்.சி.ஆர் விசை நன்றாக இருக்கிறது, உதை சுமார். எஸ்பி101-ல் வாட்கட்டர் போட்டதும் சிரிப்பே வந்துவிட்டது, இவ்வளவுதானா என்று. ஷீல்ட் ஈஸியும் சுட்டேன் தூக்குச்சட்டி அண்ணா, நன்றாகத்தான் இருந்தது, ஸ்லைடும் நீங்கள் சொன்ன மாதிரி தள்ளினால் வந்துவிட்டது. ஆனால் மனம் எஸ்பி101 பக்கம் போகிறது. காரில் பெட்டியில் வைப்பதற்கு எடை ஒரு பொருட்டே இல்லை, வேலை இல்லாத நாளில் இடுப்பில் போட்டுக்கொள்ளலாம். ஐந்து கஜத்தில் பேப்பர் தட்டில் ஏறக்குறைய எல்லாம் விழுந்தன, பத்துக்கு மேல் போனால் எங்கே போகிறதென்றே தெரியவில்லை. எப்படிப் பழகுவது?

தூக்குச்சட்டி எழுதியது:

சரி, தோற்றேன். ஆனால் சுட்டுப் பார்த்துத் தோற்கடித்ததால் சந்தோஷம்.

ஓடைமரம் எழுதியது:

நல்ல முடிவு. இப்போது பழகுவது பற்றி. இதில் பெரும்பகுதி வீட்டிலேயே, செலவில்லாமல்.

தோட்டா இல்லாமல் சுடும் பயிற்சியை ட்ரை ஃபயர் என்பார்கள். சிலிண்டரைத் திறந்து ஐந்து துளையையும் கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள். தோட்டாப் பெட்டி அந்த அறையிலேயே இருக்கக்கூடாது. பிள்ளைகள் வீட்டில் இல்லாத நேரமாக இருக்கட்டும். குறி வைக்கும் சுவருக்குப் பின்னால் உண்மையிலேயே குண்டைத் தாங்கும் ஏதாவது இருக்க வேண்டும், அமெரிக்க வீட்டு ஜிப்சம் சுவர் ஒரு குண்டையும் தாங்காது. ஸ்நாப் கேப் என்று போலித் தோட்டா விற்கும், போட்டுக்கொள்ளுங்கள். பயிற்சி முடிந்தது என்றால் முடிந்தது, துப்பாக்கி பெட்டகத்துக்குப் போக வேண்டும். தோட்டாவைப் போட்ட பிறகு "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று திரும்ப எடுத்தவர்கள்தான் டிவியைச் சுட்டவர்கள்.

பிடி உச்சியில், கை எவ்வளவு மேலே ஏறுமோ அவ்வளவு மேலே. கட்டைவிரலை ஆட்டோமேட்டிக்கில் போல் முன்னால் நீட்டாதீர்கள். சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே இருக்கும் இடுக்கில் சூடான வாயு கத்தியைப்போல வெட்டும். இடது கட்டைவிரலை மடக்கி வலதின் மேலே வைத்துக்கொள்ளுங்கள். விசையில் விரல் நுனி போதாது, முதல் மூட்டு மடிப்பு வரை போகலாம். இழுக்கத் தொடங்கினால் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாகக் கடைசி வரை, அதேபோல் ஒரே ஓட்டமாக முழுதாக முன்னால் விடுவது. பாதியில் நிறுத்தி "இப்போ விழும்" என்று காத்திருந்தால் அந்தக் கடைசி நொடியில் கை குலுங்கும். முன்சைட் மேல் ஒரு நாணயத்தை நிறுத்தி, விழாமல் விசையை இழுக்கப் பாருங்கள். எஸ்பி101-ல் ஹாமர் வெளியே தெரியும் மாடல் வாங்கினால் அதைக் கட்டைவிரலால் பின்னால் இழுத்து லேசாகச் சுடும் ஆசை வரும், பதற்றத்தில் அந்த லேசான விசைதான் நினைக்காமலே வெடிக்கவைக்கும். இருக்கட்டும், தொடாதீர்கள்.

சுடுதளத்தில் மூன்று கஜத்தில் தொடங்குங்கள், அது சரியாகும்வரை ஐந்துக்குப் போகவேண்டாம். எல்டிசி சோதனையிலேயே 50 தோட்டாவில் 20 மூன்று கஜத்தில், 20 ஏழில், 10 தான் பதினைந்தில். மிகவும் நல்ல ஒரு பயிற்சி ரிவால்வருக்கென்றே அமைந்தது: மூன்று உண்மைத் தோட்டா, இரண்டு ஸ்நாப் கேப், கலந்து போட்டுச் சிலிண்டரைப் பார்க்காமல் சுற்றி மூடிவிடுங்கள். எது வருமென்று தெரியாது. போலித் தோட்டா வரும்போது குழல்முனை கீழே இறங்கினால் அதுதான் உங்கள் ஃப்ளிஞ்ச், பத்துக் கஜத்தில் குண்டு எங்கே போனது என்பதற்கு அதுவே பதில். ஒரு நாளில் ஒரு பெட்டி போதும், கை களைத்த பிறகு சுடும் ஒவ்வொரு தோட்டாவும் கெட்ட பழக்கத்துக்குப் போடும் தீனி.

காதுக்கு உள்ளே நுரை அடைப்பான், மேலே மஃப், இரண்டும். குட்டைக் குழலின் சத்தம் கூரைக்குக் கீழே ரொம்பக் கொடுமை. முடிந்ததும் கை முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், ஈயத் தூள். அந்தத் துணியோடு பிள்ளைகளைத் தூக்கவேண்டாம். கர்ப்பமாக இருப்பவர்கள் உள்ளரங்கச் சுடுதளத்துக்கே போகாமல் இருப்பது நல்லது.

ஹட்சன்கரை எழுதியது:

மறுநிரப்பு பற்றிச் சொல்லவில்லையே. ஸ்பீட்லோடரா, ஸ்ட்ரிப்பா?

கரிசல்மண் எழுதியது:

ஸ்பீட்லோடர், அதாவது எல்லாத் தோட்டாவையும் ஒரே தடவையில் நுழைக்கும் வட்டப் பிடிப்பான், வேகம், ஆனால் பாக்கெட்டில் எலுமிச்சம்பழம் மாதிரி புடைக்கும். ஸ்ட்ரிப் என்பது தோட்டாக்களை வரிசையாகப் பிடிக்கும் பட்டை, தட்டையாக இருக்கும், ஆறு இடத்தில் நாலு மட்டும் போட்டு நடுவில் இடைவெளி விட்டால் விரலுக்குப் பிடிமானம் கிடைக்கும், இரண்டிரண்டாக நுழைத்துத் திருகி எடுக்கலாம். இதில் எல்லோரும் கோட்டைவிடுவது தோட்டாவைப் போடுவதில் இல்லை, காலி உறையை வெளியேற்றுவதில். குட்டைக் குழல் ரிவால்வர்களில் தள்ளுகம்பியும் குட்டை, உறையை முழுதாக வெளியே தள்ளாது. குழல்முனையை நேராக வானம் பார்க்க வைத்து உள்ளங்கையால் ஓங்கி ஒரே அடி. தயங்கித் தயங்கி அமுக்கினால் ஓர் உறை, உறைகளைத் தள்ளும் நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் புகுந்து மாட்டிக்கொள்ளும், அப்புறம் நகத்தால் தோண்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். போடும்போது குழல்முனை தரையைப் பார்க்க வேண்டும்.

மஞ்சள்பை எழுதியது:

கடைசியாக ஒன்று, வேலை இல்லாத நாளில் ஜீன்ஸ் பாக்கெட்டில் எஸ்பி101 போகுமா?

கரிசல்மண் எழுதியது:

போகும், பேன்ட் இறங்கும். அதை இடுப்பு ஹோல்ஸ்டரில் வையுங்கள், கெட்டியான பெல்ட்டோடு, விசைக்காப்பை முழுதாக மூடும் ஹோல்ஸ்டர். மெல்லிய துணி உறை விற்பார்கள், துப்பாக்கியைத் திரும்ப உள்ளே வைக்கும்போது அதுவே மடங்கி விசைக்குள் போகும். பின்னால் எப்போதாவது பாக்கெட்டுக்கென்று எல்.சி.ஆர் வாங்கினால், அந்தப் பாக்கெட்டில் அதுவும் அதன் உறையும் மட்டும்தான், சாவி கிடையாது, சில்லறை கிடையாது, இருமல் மிட்டாய் கிடையாது. மாதம் ஒரு தடவை தோட்டாவை எடுத்துவிட்டு விசைக்குப் பின்னால் பாருங்கள், பாக்கெட்டுப் பஞ்சு அங்கே ஒரு திரியாகவே சேர்ந்திருக்கும், பழைய டூத்பிரஷ் போதும்.

ஓடைமரம் எழுதியது:

வாட்கட்டர் சுட்ட பிறகு சிலிண்டர் துளைகளில் ஈயக் கறை ஒட்டும், அதையும் அந்த நாளிலேயே பிரஷ் போட்டு எடுத்துவிடுங்கள். ஹூஸ்டன் பக்கம் வந்தால் சொல்லுங்கள், ஒரு மணி நேரம் விசை மட்டும் பார்த்துவிடலாம், தோட்டா கொண்டுவர வேண்டாம்.